கார்ல் ஸீக்ளர்

கார்ல் ஸீக்ளரின் பெயரைப் பாலிதீனோடு சேர்த்தே பலரும் அறிவர். அப்பொருளை எளிதில் ஆக்கும் வழியை அவர் கண்டது 1953-ம் ஆண்டில். அதற்கு வித்தாயமைந்ததோ, 26 ஆண்டுகட்கு முன் அவர் செய்த ஒரு சிறு சோதனையாகும். அதனையே நாம் ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

இவர் 1898-ம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ந் தேதி, ஜெர்மனி தேசத்தில் காஸல் நகருக்கு அணித்தாகிய ஹெல்ஸா என்னும் சிற்றூரில், லூத்தரன் குரு ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். மார்பர்க் சர்வகலாசாலையில் 1920-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1926-ல் ஹைடல்பர்க் சென்றார்.

ஆங்கு 1927-ல், பொட்டாசியம் கரியணுவோடு பிணைந்த செந்நிறக் கூட்டுப்பொருள் ஒன்றை ஸ்டில்பீனோடு கலந்தபோது, அதன் நிறம் மாறக் கண்டார். ஸ்டில்பீனின் இரட்டைப் பிணைப்பு நெகிழ, பொட்டாசியக் கூட்டுப்பொருள் அதனோடு ஒட்டிக்கொண்டதென உணர்ந்தார். பியூட்டடையீன் என்னும் வாயு ஸோடியத்தோடு கூடின் ரப்பராய்த் திரளும் என்பது முன்னரே தெரிந்ததுதான். திரளும் விதமே விளங்காதிருந்தது. ஸீக்ளர் அதனை விளக்கினார். வளருந் தொடரின் நுனியில் எதிர் மின்சாரந் தாங்கிய கரியணுவும், அதனருகே உலோகமும் நிற்கின்றன. அடுத்த மூலக்கூறு அவ்விரண்டிற்கும் இடையே புக, உலோகம் புது நுனிக்குச் செல்கின்றது. நாரின் நுனியை விடாமற் பூவின்பின் பூவாகத் தொடுப்பதை இஃது ஒக்கும். நீரேனும் காற்றேனும் சிறிது புகினும் அந்நுனி மாய்ந்துவிடும்; ஆதலின் இச்சோதனைகட்கு வேண்டும் பொறுமை கொஞ்சமன்று. புகாதபடி காப்பின், நுனி உயிரோடிருக்கும் என்பதை 1956-ல் மைக்கேல் ஷ்வார்ஸ் என்பார் தெளிவுற நாட்டினார். லிதியத்தினின்று இத்தகைய கூட்டுப்பொருள்களை நேரே ஆக்கும் முறையை ஸீக்ளர் 1930-ல் வெளியிட்டார். செயற்கை ரப்பர்த் தொழிலுக்கு அவை பின்னர்ப் பெரிதும் பயன்பட்டன.

1943-ல் மூல்ஹைம் நகரத்து நிலக்கரி ஆராய்ச்சி நிலையம் இவரைத் தலைவராய் அழைத்தது. நிலக்கரியைப் பற்றியதாயினும் அன்றாயினும், தாம் விரும்பியதை ஆராயும் சுதந்தரம் வேண்டுமென்றே அவர் நிபந்தனை விதித்தார். அதற்கு இணங்கிய சுரங்கத் தொழிலாளரையல்ல, சுரங்க முதலாளிகளையே நாம் ஈண்டு மெச்சவேண்டும். அவர்கள் இணங்கியிராவிடின் பின்வருவது நிகழ்ந்திராது.

லிதியத்தை விட்டு அலுமினியத்தைக் கொண்டு எதிலீனைத் தொடுக்க முயன்றார். தொடர் ஓரளவே நீண்டது. ஒருமுறை அதுவும் நீளாது, இரு மூலக்கூறுகள் சேர்ந்த அளவில் நின்றுவிட்டது. காரணத்தை விடாது தேடியதில், பாத்திரத்தில் எஞ்சியிருந்த அணுவளவு நிக்கலே தடையெனத் தெரிந்தது. தடுக்கும் உலோகம் ஒன்றிருப்பின் பிற உலோகங்கள் யாது செய்யும் என்று அவருடைய மாணாக்கர் ஒவ்வொன்றாய்ச் சோதிக்கலாயினர். ஸிர்க்கோனியமும் டைட்டேனியமும் தொடரை மிக நெடிதாக வளர்த்தன! அதுகாறும் ஆயிரம் வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஆக்கப்பட்ட பாலிதீன், 1953-ல் சாதாரண அழுத்தத்திலேயே கண்ணாடிப் பாத்திரத்தில் திரண்டது. இஃது 1927-ன் முறையினின்றும் வேறாயினும், கரிக்கும் உலோகத்திற்கும் இடையே புதியது புகும் என்னுங் கருத்து ஒன்றே.

1963-ல் இத்தாலியராகிய ஜூலியோ நாட்டாவோடு நோபெல் பரிசு பெற்ற ஸீக்ளர், 1973-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூல்ஹைமிலேயே காலமானார்.