டி. எஸ். வெங்கட்ராமன்

டி. எஸ். வெங்கட்ராமன் (சூன் 15, 1884 - சனவரி 18, 1963) இந்தியத் தாவரவியலாளரும் கரும்பு இனப்பெருக்க அறிஞரும் ஆவார். இன்று நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரங்களில் பயிராகும் கரும்பு வகைகளுக்கு, கோயம்புத்தூரில் இவர் பங்கேற்று நடந்த கலப்பினப் பணியே அடிப்படையாகும்.

கோயம்புத்தூர் நிலையம்

1912 இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவர் சார்லசு ஆல்பிரட் பார்பரிடம் வெங்கட்ராமன் உதவியாளராகச் சேர்ந்தார். பார்பர் விலகிய பின் பொறுப்பேற்று 1942 வரை நிலையத்தை நடத்தினார்.

கரணை நட்டு வளர்க்கப்படும் கரும்பு தாயை அப்படியே ஒத்திருக்கும். புதிய பண்புகள் தோன்றா. பூத்து விதை கட்டினால் மட்டுமே இரு பெற்றோரின் பண்புகளும் கலக்கும். வட இந்தியாவில் அரிதாகவே பூக்கும் கரும்பு, கோயம்புத்தூரில் நன்கு பூத்தது. நிலையம் அங்கு அமைந்ததற்கு இதுவே காரணம்.

கோ 205

வெள்ளை என்னும் தடித்த இனிய கரும்பைத் தாயாகவும், நாணல் எனப்படும் காட்டுப் புல்லைத் தந்தையாகவும் கொண்டு கோ 205 உருவானது. இனிப்பு தாயிடமிருந்தும், வறட்சியையும் குளிரையும் தாங்கும் ஆற்றல் தந்தையிடமிருந்தும் வந்தன. 1918 இல் வெளியிடப்பட்ட இவ்வகை, பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. இதனை வெங்கட்ராமன் தனியாகவே உருவாக்கினார் எனச் சிலர் எழுதுவது சரியன்று. பார்பரின் பங்கும் இதில் உண்டு.

இக்கலப்பில் ஒரு விந்தை உள்ளது. பொதுவாகப் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் நிறப்புரிகளில் பாதியையே சந்ததிக்கு அளிப்பர். வெள்ளைக்கு 80, கோயம்புத்தூர் நாணலுக்கு 64 நிறப்புரிகள். எனவே சேய்க்கு 72 இருக்க வேண்டும். ஆனால் கோ 205 இல் 112 உள்ளன. தாய் தன் 80 நிறப்புரிகளையும் முழுமையாகக் கொடுத்துவிட்டது. நாணலோடு கலந்த பின்னும் சேயில் தாய்க்கரும்பின் பங்கு மிகுந்திருப்பது இதனாலேயே.

பிற வகைகள்

வட இந்தியாவுக்குக் கோ 312, தென்னகத்துக்குக் கோ 419 ஆகியன இவர் காலத்தில் வெளிவந்தன. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானாவிலும் பயிரிடப்பட்டன. ஜாவாச் சர்க்கரையைப் பெருமளவு இறக்குமதி செய்துவந்த இந்தியா, 1932 இன் காப்பு வரியோடு இவ்வகைகளும் பரவியதால் 1930களில் அத்தேவையை ஏறக்குறைய முற்றிலும் ஒழித்தது.

கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கோ.க. 671 வகையின் தந்தை, கோயம்புத்தூரின் கோ 775 ஆகும். தாய், ஆத்திரேலியாவின் கியூ 63. பெயரில் உள்ள 'க' கடலூரைக் குறிக்கும்.

சிறப்புகள்

1937 இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு இவர் தலைமை வகித்தார். பிரித்தானிய அரசின் 'சர்' பட்டமும், 1956 இல் பத்ம பூசண் விருதும் பெற்றார்.