வேலியோரப் பூவும் அசீமா அம்மாவும்



விழுப்புரத்தில் எங்கள் தெரு அக்கா ஒருத்தங்களுக்குச் சர்க்கரை. யாரோ சொன்னாங்கன்னு நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வச்சு ஒரு வாரம் குடிச்சாங்க. வாந்தி, மயக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்து வந்தார்கள். செடிதானே, என்ன பண்ணிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். அந்தச் செடிக்கும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அசீமா சட்டர்ஜியின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

1917-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா டாக்டர், செடி கொடிகள் மேல் ஆசை உள்ளவர். அந்த ஆசை மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் வேதியியல் படிப்பதே அபூர்வமான நாளில் 1936-ல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1945-ல் கல்யாணம். கணவரும் விஞ்ஞானி. 1947-ல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்திருக்கிறார். பிறகு சுவிட்சர்லாந்தில் நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம் வேலை. 1950-ல் ஊர் திரும்பினார். பிள்ளை பிறந்தால் எல்லாம் போச்சு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

அவர் செய்த வேலை மாத்திரை செய்வது இல்லை, அதற்கும் முந்தின வேலை. மூட்டை மூட்டையாக இலை, பட்டை, வேர் வாங்கி, காயவைத்து, பொடித்து, சாராயம் போன்ற திரவங்களில் ஊறவைத்து, வடித்து, திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு மாதிரி ஏதோ மிஞ்சும். அது என்ன, அதன் அணுக்கள் எப்படிக் கோர்த்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே மாதங்கள், வருஷங்கள் ஆகும். பிறகு விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதனை, அதற்கப்புறம்தான் மனிதர்கள். பாதி வழியில் ஒன்றுக்கும் உதவாது என்று தெரிவதும் உண்டு. அந்த நாளில் ஆராய்ச்சிக்குப் பணமும் கிடையாது, கருவியும் கிடையாது. நம்ம குடும்ப பட்ஜெட் மாதிரிதான் இழுத்துப் பிடித்திருக்கிறார்.

நித்தியகல்யாணியையும் அவர் ஆராய்ந்தார். ஆனால் அதிலிருந்து புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று சிலர் எழுதுவது சரியில்லை. அது கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1958-ல் வெளியிட்டது. அந்தக் கதையும் கேளுங்கள். ஜமைக்கா நாட்டில் சர்க்கரைக்குக் குடிக்கிற இலை என்றுதான் அவர்களிடம் வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன! அதனால்தான் ரத்தப் புற்றுநோய்க்கு ஆயிற்று. எங்க தெரு அக்கா குடிச்சது இந்த இலையைத்தான்.

திண்டிவனம் பக்கம் எங்க அம்மா ஊரில் வயல் வரப்பில் ஆரைக்கீரை மண்டிக் கிடக்கும். நாலு இலை கூடினால் ஒரு பூ மாதிரி இருக்குமே, அதுதான். சின்ன வயதில் அதை மிதித்துக்கொண்டே ஓடுவோம். அசீமா அம்மா அதை ஆராய்ந்து, அதையும் சடாமாஞ்சியையும் சேர்த்து ஆயுஷ்-56 என்ற வலிப்பு மருந்து வர வழி செய்தார். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதையே நிறுத்திவிடுகிற ஊர் எங்களுடையது. அதனால் இது எனக்குப் பெரிய விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வரப்பில் போய்க் கீரை பறிக்காதீங்க.

1961-ல் பட்நாகர் விருது, வேதியியலில் முதல் பெண். 1975-ல் பத்மபூஷண். 1982 முதல் 1990 வரை ராஜ்யசபாவில் நியமன உறுப்பினர். இவை பெரிசுதான். ஆனால் 1967-ல் அப்பாவும் கணவரும் நாலே மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்து, தானும் படுத்த படுக்கையான பிறகு எழுந்து திரும்ப ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2006 நவம்பரில் காலமானார். இந்திய மூலிகைகள் பற்றி அவர் சேர்ந்து பதிப்பித்த புத்தகம் மட்டும் ஆறு தொகுதி.

தெரு அக்கா வீடு திரும்பிய அன்றே அந்தச் செடியை வேரோடு பிடுங்கப் போனாங்க. பூஜைக்குப் பூவாவது இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

- ஒரு வாசகி, விழுப்புரம்.