ஜக்கார்டு: கடனில் மூழ்கிய நெசவாளர், தறியையே மாற்றிய கதை!

கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க காஞ்சிபுரம் போறீங்களா? அப்படியே ஒரு தறிக்கூடத்துல எட்டிப் பாருங்க. தறிக்கு மேல ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும். அதுக்குப் பேர் ஜக்கார்டு. அது ஒரு மனிதரின் பெயர்!

ஜோசப் மரி ஜக்கார்டு, 1752-ல் பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில், ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். 20 வயதில் அப்பாவின் தறிகளும் வீடும் கைக்கு வந்தன. ஆனா, தொழில் கைகொடுக்கல. கடன் ஏறியது, சொத்து போச்சு, மனைவி கொண்டுவந்த சீதனமும் கரைஞ்சது. பிரெஞ்சுப் புரட்சிக் காலச் சண்டையில் மகனையும் பறிகொடுத்தார்.

இவ்வளவு அடி வாங்கியும் அவர் தறியை விடல. அப்போதெல்லாம் பூ வேலைப்பாடு நெய்ய நெசவாளர் மட்டும் போதாது. பாவு நூல்களைத் தூக்க, பக்கத்துல ஒரு உதவியாள் கயிறுகளை இழுத்துக்கிட்டே இருக்கணும். கயிறு மாறினா டிசைன் காலி!

1801-ல் பாரிஸ் கண்காட்சியில் அவரது தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைச்சது. பிறகு பாரிஸில், வோகன்சன் என்பவர் பல வருஷம் முன்பு செய்த தறியை ஆராய்ந்தார். ஓட்டை அட்டையும் அவருக்கு முன்பே இருந்த யோசனைதான். அதையெல்லாம் சேர்த்து, தினசரி நெசவுக்கு ஒத்துவர்ற மாதிரி 1804-05-ல் செஞ்சு காட்டினார். அட்டையில் ஓட்டை இருந்தா அந்த நூல் மேலே போகும். இல்லைன்னா அப்படியே கிடக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

ஆனா, லியோன் நெசவாளர்கள் கொதிச்சுட்டாங்க. தறிகளை எரிச்சாங்க, ஜக்கார்டையும் தாக்கினாங்க. அந்தப் பயத்தை முட்டாள்தனம்னு சொல்லிட முடியாது. கயிறு இழுத்தவங்க வேலை நிஜமாவே போச்சு. ஏஐ நம்ம வேலையைப் பறிச்சிடுமோன்னு இன்னிக்கு நாம பயப்படுறோமே, அதே பயம்தான்.

அரசு அவரது தறியைப் பொதுச்சொத்தாக அறிவிச்சது. அவருக்கு ஓய்வூதியமும், தறிக்கு இவ்வளவுன்னு ஒரு தொகையும் கொடுத்தது. 1812-க்குள் பிரான்ஸில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. 1834-ல் அவர் இறந்தார்.

கதை அங்க முடியல. கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ், தன் இயந்திரத்துக்கு அதே ஓட்டை அட்டை முறையை எடுத்துக்கிட்டார். அப்படிப் பார்த்தா, உங்க கையில இருக்கிற போனுக்கும் தறிக்கும் தூரத்து உறவு!

முதல் தொழில்ல தோத்துட்டீங்களா? ஜக்கார்டும் தோத்தவர்தான். ஆனா, தனக்கு நல்லாத் தெரிஞ்ச தறியை மட்டும் அவர் கைவிடல.