சுந்தரானந்தர் என்னும் தச்சர்: ஜார்ஜ் நகாஷிமாவின் வாழ்வு

உயிர்களை அவற்றின் அறிவின் அளவால் வகுத்துக் காட்டும் மரபு தமிழுக்கும் சமணத்திற்கும் பொதுவானது. அவ்வரிசையில் மரம் ஓரறிவுயிர். இல்லறத்தார் விலக்கத்தக்க தொழில்களை எண்ணும் சமண நூல்கள், காட்டை அழித்துப் பிழைக்கும் பிழைப்பையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றன. ஆயினும் இல்லறம் மரமின்றி நடப்பதில்லை. வாயிற்கதவும், கட்டிலும், ஊஞ்சலும், ஏடு வைத்து ஓதும் பலகையும் மரமே. ஆகவே ஓர் உயிரின் உடலை நாம் எவ்வளவு கொள்ளலாம், கொண்டதை எவ்வாறு போற்ற வேண்டும் என்பது அறத்தைச் சார்ந்த வினாவாகிறது.

இவ்வினாவைத் தம் தொழிலின் நடுவே வைத்து வாழ்ந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் சமணர் அல்லர், இந்தியரும் அல்லர். ஜப்பானியப் பெற்றோருக்கு மகனாக அமெரிக்காவில் பிறந்தவர். எனினும் அவர் வாழ்வின் திருப்புமுனை புதுச்சேரியில் நிகழ்ந்தது. அவர் கைத்திறன் அகமதாபாத்தில், ஒரு சமணக் குடும்பத்தார் வழிநடத்திய கல்விக்கூடத்திலும் தடம் பதித்தது.

இளமையும் கல்வியும்

1905 ஆம் ஆண்டு மே 24 ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் நகாஷிமா பிறந்தார். அப்பகுதியின் மலைகளும் அடர்ந்த காடுகளுமே அவருடைய இளமைக்காலப் பள்ளி. பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயிலத் தொடங்கியவர், பின்னர் கட்டடக்கலைக்கு மாறினார். 1930 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பொருளாதாரப் பெருமந்தம் உலகை வாட்டிய காலம் அது. நகாஷிமா தம்மிடமிருந்த மோட்டார் வண்டியை விற்று, உலகைச் சுற்றிவரும் கப்பற்சீட்டு ஒன்றை வாங்கினார். பாரிஸ் நகரில் சில காலம் தங்கியபின், தம் முன்னோர் நாடாகிய ஜப்பானை அடைந்தார். 1934 இல் தோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பணியில் அமர்ந்தார். ஆணியின்றி மரத்தோடு மரத்தைப் பூட்டும் ஜப்பானியத் தச்சர்களின் கைவண்ணத்தையும், பூச்சும் மறைப்புமின்றி மரத்தை அதன் இயல்பிலேயே விடும் பழைய இல்லங்களின் எளிமையையும் அங்குக் கண்டார்.

புதுச்சேரியில் பெற்ற பெயர்

அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்கு ஓர் இல்லம் கட்டும் பணி ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத் அரசின் திவானாக விளங்கிய சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அந்நன்றியின் அடையாளமாக அவ்வில்லத்திற்குக் கோல்கொண்டா என்று பெயரிடப்பட்டது. கட்டுமானத்தைக் களத்தில் இருந்து நடத்த 1937 இல் நகாஷிமா புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

இந்தியாவில் வலுவூட்டிய காங்கிரீட்டால் எழுந்த தொடக்ககாலக் கட்டடங்களுள் கோல்கொண்டாவும் ஒன்று. அதன் இருபுறச் சுவர்களிலும் சன்னல்களுக்கு மாற்றாகத் திறந்து மூடும் கிடைமட்டத் தகடுகள் வரிசையாக அமைந்தன. கடற்காற்று அவற்றின் வழியே கட்டடம் முழுதும் ஊடுருவிச் செல்லும். வெயில் உள்ளே விழாது. அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன நகர் கதவுகள். வெப்பத்தை விரட்ட எந்திரத்தை நாடாமல், காற்றையும் நிழலையும் துணையாகக் கொண்ட அமைப்பு அது. அறைகளுக்குரிய மரச்சாமான்களையும் நகாஷிமாவே தேக்கில் வடிவமைத்தார். பின்னாளில் உலகறிந்த தச்சராக அவர் விளங்கியதற்கு வித்து இங்கே விழுந்தது எனலாம்.

கட்டடம் எழும்பிய விதமே அவரை மாற்றியது. ஆசிரமத்து அன்பர்கள் தாமே கட்டுமானப் பணியில் ஈடுபட்டனர். விரைவு அங்கு முதன்மை பெறவில்லை; பிழையின்மையே முதன்மை பெற்றது. தொழில் என்பது ஊதியத்திற்கு ஈடாகச் செலுத்தும் உழைப்பு அன்று, தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் நோன்பு என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. தமக்குரிய ஊதியத்தை வேண்டாமென விடுத்து, அவரும் ஆசிரமத்தாருள் ஒருவராகச் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள்.

1939 இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். உலகப்போர் அப்போது மூண்டிருந்தது. கோல்கொண்டா அதன்பின் 1940-களில்தான் முழுமை பெற்றது. பிரிந்து சென்றபோதும், அங்கு கற்ற நோன்பை அவர் கைவிடவில்லை.

சிறைமுகாமில் ஒரு குருகுலம்

1940 இல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமா, அந்நாட்டுக் கட்டடங்கள் கட்டப்படும் முறையைக் கண்டு மனம் சோர்ந்தார். வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்னும் நிலையில் இருவருக்குமே பொறுப்பு முழுமையாக இல்லை என்று கருதினார். தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய தொழிலைத் தேடி, மரச்சாமான் செய்யும் தச்சுத்தொழிலைத் தேர்ந்தார். சியாட்டில் நகரில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய சிறுவர் மன்றத்தில் பட்டறைக்கு இடம் கிடைத்தது. வாடகைக்கு ஈடாக அங்குள்ள சிறுவர்களுக்குத் தச்சுவேலை கற்பித்தார். மரியன் ஒகாஜிமா என்னும் மங்கையை மணந்து, 1942 இல் மீரா என்னும் பெண்மகவுக்குத் தந்தையுமானார்.

அவ்வாண்டிலேயே பேரிடி விழுந்தது. ஜப்பானுடன் போர் தொடங்கியதால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அரசு வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்; எக்குற்றமும் செய்யாதவர்கள். நகாஷிமா கைக்குழந்தையுடனும் மனைவியுடனும் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்தில் அமைந்த மினிடோகா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

பகைமையை வளர்த்துக்கொள்ளப் போதிய காரணம் அவருக்கு இருந்தது. அவரோ அங்கு ஓர் ஆசிரியரைக் கண்டடைந்தார். ஜப்பானில் மரபுமுறையில் தச்சுக்கலை பயின்ற கெந்தாரோ ஹிகோகாவா என்பவரும் அம்முகாமில் அடைபட்டிருந்தார். பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர், ஒரு தச்சரிடம் மாணாக்கராக அமர்ந்தார். உளியைத் தீட்டுவது, இழைப்புளியைத் தன்பால் இழுத்து இழைப்பது, மரத்தின் ரேகையைப் படித்தறிவது ஆகிய பாடங்கள் அங்கு நடந்தன. நல்ல பலகை ஏதும் கிடைக்கவில்லை. முகாம் கட்டியபின் எஞ்சிய துண்டு மரங்களும், பாலையில் வளர்ந்த புதர்ச்செடிகளின் கட்டைகளுமே அவர்களுக்கு மூலப்பொருள். அவற்றைக் கொண்டே தங்குமிடங்களை மனிதர் வாழத்தக்கனவாக்க முயன்றனர். குறைவான பொருளில் நிறைவான பயன் காணும் கலை, வறுமையால் அன்றிச் சிறையால் அவருக்கு வாய்த்தது. அந்த அடைப்புக்காக அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கோரியது 1988 இல்தான்.

பட்டறையின் அறம்

1943 இல் பழைய முதலாளியான ரேமண்டின் பொறுப்பில் விடுதலை பெற்ற நகாஷிமா, பென்சில்வேனியா மாநிலத்து நியூ ஹோப் என்னும் ஊரில் அவருடைய பண்ணையில் வேலை செய்தார். பின்னர் அவ்வூரிலேயே சிறிதளவு நிலம் பெற்று, தம் கையாலேயே பட்டறையும் வீடும் எழுப்பினார். அவர் வாழ்வின் எஞ்சிய காலம் முழுவதும் அவ்விடத்திலேயே கழிந்தது.

விலையுயர்ந்த பலகை வாங்கப் பொருள் இல்லாத தொடக்கக் காலத்தில், மரவாடிகள் கழித்து ஒதுக்கிய பலகைகளை அவர் வாங்கினார். கணு உடையது, வெடித்தது, ஓரம் வளைந்தது என்று பிறர் தள்ளியவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். கணுவை வெட்டி எறியமாட்டார். வளைந்த ஓரத்தை நேராக அறுக்கமாட்டார். பட்டைக்கு அடியில் மரம் எந்த வடிவில் வளர்ந்ததோ அவ்வடிவமே மேசையின் விளிம்பாக நிற்கும். வெடிப்பு மேலும் விரியாதிருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவில் செதுக்கிய சிறு கட்டையை அதன் குறுக்கே பதிப்பார். குறையை மறைக்காமல், அதற்குத் துணை நிற்கும் அம்முறையே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று.

வசதி வந்தபின் அக்ரூட் முதலிய மரங்களை முழு அடிமரமாக வாங்கலானார். அறுப்பிடத்திற்குத் தாமே சென்று, வாள் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை நின்று முடிவு செய்வார். ஓர் அங்குலம் பிழைத்தாலும் பல நூறாண்டு வளர்ச்சி வீணாகும் என்பது அவர் அச்சம். அறுத்த பலகைகளை மரத்தில் இருந்த வரிசை மாறாமல் அடுக்கி ஆண்டுக்கணக்கில் உலரவிடுவார். சில பலகைகள் தமக்கு ஏற்ற பயன் வரும்வரை பல ஆண்டுகள் காத்திருந்தன. வெட்டுண்ட மரத்திற்கு இரண்டாம் வாழ்வு தருவதே தச்சனின் கடன் என்று அவர் நம்பினார். மரம் நின்ற காலம் அளவேனும் அதிலிருந்து செய்த பொருள் நிலைக்க வேண்டும் என்பது அந்நம்பிக்கையின் மறுபக்கம். நெடுங்காலம் தம் பெயரை அவர் பொருள்களில் பொறிக்கவில்லை. அடிப்புறத்தில் அதை வாங்குபவரின் பெயரை எழுதி வைப்பதே வழக்கம்.

நோல் என்னும் பெருநிறுவனம் அவருடைய வடிவங்கள் சிலவற்றைத் தொழிற்சாலையில் செய்து விற்றது. ஆயினும் தம் பட்டறையை அவர் தொழிற்சாலையாக்கவில்லை.

அகமதாபாத்தில் ஆசிரியர்

விடுதலை பெற்ற இந்தியா, எந்திரத் தொழில் பெருகும் காலத்தில் தன் கைவினை மரபை எவ்வாறு காப்பது என்று சிந்தித்தது. நடுவணரசின் அழைப்பை ஏற்று வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958 இல் அறிக்கை அளித்தனர். நம் வீட்டுச் சொம்பையே தலைசிறந்த வடிவமைப்பிற்குச் சான்றாக அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதை உருவாக்கி வளர்த்தவர்கள் கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீரா சாராபாயும். அறிவியலறிஞர் விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தோரான இவர்கள், குஜராத்தின் புகழ்பெற்ற சமணக் குடும்பத்தினர்.

அவர்கள் அழைப்பின்பேரில் 1964 இல் நகாஷிமா அகமதாபாத் வந்தார். இந்திய மரங்களைக் கொண்டு, இந்தியத் தச்சர்களின் கைக்கு ஏற்ற நாற்காலிகளையும் மேசைகளையும் பிறவற்றையும் அங்கு வடிவமைத்தார். நிறுவனத்தின் பட்டறையில் அவை உருப்பெற்றன. அவர் சென்றபின்னும் சில ஆண்டுகள் அங்கேயே செய்யப்பட்டன. தேக்கும் ஈட்டியும் நம் தச்சர்களுக்குப் புதியன அல்ல. பொருளைக் குறைத்து, இணைப்பை நேர்மையாகக் காட்டி, மரத்தைப் பேசவிடும் ஒழுங்கே அவர் விட்டுச்சென்ற பாடம்.

சென்னையில் பிறந்து, 1969 இல் அந்நிறுவனத்தில் மரச்சாமான் வடிவமைப்பு பயிலச் சேர்ந்த எம். பி. ரஞ்சன், பின்னர் அங்கேயே ஆசிரியரானார். வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்பு வேலைப்பாடுகளை ஆராய்ந்து 1986 இல் நூல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் முதிர்ந்து மீண்டும் தழைக்கும் மூங்கிலைக் கொண்டு மாணவர்கள் இருக்கைகளும் கூடைகளும் பிறவும் உருவாக்க வழிகாட்டினார். இன்று நாடெங்கும் வடிவமைப்பு மாணவர்கள் மூங்கிலையும் தென்னை நாரையும் வாழை நாரையும் நாடிச் செல்வதற்குப் பின்னே இத்தகைய ஆசிரியர்களின் உழைப்பு உள்ளது.

இறுதிக் காலம்

1973 இல் நெல்சன் ராக்ஃபெல்லரின் மாளிகைக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களை நகாஷிமா செய்தளித்தார். 1981 இல் தம் வாழ்வையும் தொழிலையும் நூலாக எழுதினார். 1983 இல் ஜப்பானியப் பேரரசரின் உயர் விருது அவரை அடைந்தது. எளிமையை நோன்பாகக் கொண்டவரின் படைப்புகள் செல்வர் இல்லங்களைச் சேர்ந்தன. இன்று ஏலக்கூடங்களில் பெருவிலைக்குப் போகின்றன. மிகைப்பொருள் விரும்பாமையைப் போற்றுவோர் இம்முரணைக் காணாதிருக்க இயலாது. அவர் மேசையைச் செல்வத்தின் அடையாளமாக வாங்கியவர் அவர் பாடத்தை வாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அவரும் இதை உணர்ந்திருந்தார் போலும். 1984 இல் மிகப்பெரிய அக்ரூட் அடிமரம் ஒன்று அவருக்குக் கிடைத்தபோது, அதைத் தனியார் எவருக்கும் விற்க அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு கண்டத்திலும் அமைதிக்காக ஒரு பெருமேசை வைக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். அவற்றுள் முதலாவது 1986 ஆம் ஆண்டின் இறுதிநாளில் நியூயார்க் நகரத்துப் பேராலயம் ஒன்றில் நிறுவப்பட்டது. 1990 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாள் நகாஷிமா மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா, பட்டறையையும் தந்தையின் உறுதிமொழியையும் ஏற்றுக்கொண்டார். ஆசியாவிற்குரிய அமைதி மேசை 1996 இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. சுந்தரானந்தர் என்று பெயர் பெற்ற மண்ணுக்கு அருகே, நம் மேல்சித்தாமூர் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில் அது இருக்கிறது.

ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஆலைகள் பெருகிய இக்காலத்திலும், அருகிலுள்ள பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையால் பெட்டியும் கூடையும் முடைகின்றனர். ஓலைக்காகப் பனை வீழ்வதில்லை. நம் இல்லங்களில் பாட்டனார் காலத்துப் பெட்டகமும் மணைப்பலகையும் இன்னும் உள்ளன. கால் ஆடுகிறது என்பதற்காக அவற்றைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குமுன், ஓர் ஆசாரியை அழைத்துச் செப்பனிட இயலுமா என்று கேட்பது நம்மால் இயன்ற செயல். வடிவமைப்புக் கல்வியை நாடும் நம் பிள்ளைகளுக்கும், ஓரறிவுயிரின் உடலைக் கையில் எடுக்கும்போது கொள்ள வேண்டிய அடக்கத்தை இத்தச்சரின் வாழ்விலிருந்து எடுத்துச் சொல்லலாம்.