நினைவைப் பிரமாணமாக்கிய அகளங்க தேவர்

காஞ்சிபுரத்தை அடுத்த கரந்தை, திருப்பணமூர் ஜினாலயங்களை வணங்கிய நம் குடும்பத்தார் அகளங்க தேவரின் வரலாற்றை அங்குக் கேட்டிருப்பர். அவரைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டினர் என்பர் அறிஞர்.

மானியகேடத்து அமைச்சர் புருஷோத்தமரின் மைந்தர் அவர் என்று கதாகோசம் கூறும். இளமையிலேயே பிரமசரிய விரதம் பூண்ட அவர், தம்பி நிஷ்களங்கருடன் பௌத்தப் பள்ளியில் தம் சமயத்தை மறைத்துக் கற்றார். உண்மை வெளிப்பட இருவரும் தப்பியோடினர். ஒருமுறை கேட்டதை மறவாத தமையனார் பிழைத்தால் அறம் பிழைக்கும் என எண்ணிய தம்பியார், தம் உயிரை ஈந்தார். அக்கடனைத் தீர்க்க அகளங்கர் ஏந்தியது ஏடும் எழுத்தாணியுமே.

வெவ்வேறு சமயத்தார் ஒரே மெய்ப்பொருளைக் குறித்து உரையாட எது அடிப்படை? அவதி, மனப்பர்யயம், கேவலம் ஆகிய மூன்றே பிரத்யட்சம். பொறிவழி மதிஞானம் பரோட்சம் என்பது தத்துவார்த்த சூத்திரம். பிறரோ பொறிக்காட்சியையே பிரத்யட்சம் என்றனர். சொற்பொருள் ஒவ்வாத இடத்தில் வாதம் நிகழாது. ஆகவே ஆகமத்தின் வழுவாமல், பொறியறிவை உலக வழக்குப் பிரத்யட்சம் என அகளங்கர் நிலைநாட்டினார். நினைவு, மீட்டறிதல், தர்க்கம், அனுமானம், ஆகமம் ஆகிய ஐந்தையும் பரோட்சப் பிரமாணங்களாக வகுத்தார்.

இவ்வகைப்பாட்டின் பயனை இன்றும் காணலாம். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் 2022 முதல் நிகழ்ந்த அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. உடைந்த துண்டு ஒன்றைக் கண் காண்கிறது. முன்பு கண்ட வளையலை நெஞ்சம் நினைக்கிறது. இதுவும் அத்தகையதே என மீட்டறிகிறது. அணிகலன் உள்ள இடத்தில் அதனைப் பயன்கொண்டோர் இருந்திருப்பர் என்பது தர்க்கம். இம்மண்ணில் அவர்கள் வாழ்ந்தனர் என்பது அனுமானம். பொருளும் அறிபவனும் கணந்தோறும் முற்றும் அழியுமெனில் இச்சங்கிலி அறுந்துபோம். மாறியும் நிலைத்தும் நிற்பதே பொருளின் இயல்பு. அதனாலன்றோ ஒருவர் அறிந்ததைப் பிறரும் அறிய இயல்கிறது.

இமசீதள மன்னன் அவையில் நிகழ்ந்த பெருவாதத்தைத் தமிழ்ச் சமண மரபு காஞ்சியோடு இணைத்துப் போற்றும். திரைக்குப் பின்னே குடத்திலிருந்து தாராதேவியே பல திங்கள் வாதிட்டாள் என்பது கதை. முன்னாள் உரைத்ததை மீண்டும் உரைக்குமாறு அகளங்கர் கேட்டார். மறுமொழி எழவில்லை, வாதம் முடிந்தது.

இராஜவார்த்திகம், அஷ்டசதீ, லகீயஸ்திரயம் முதலிய அவர் நூல்கள் இன்றும் பயிலப்படுகின்றன. எந்த நினைவாற்றலுக்காகத் தம்பியார் உயிர் ஈந்தாரோ, அந்நினைவையே அகளங்கர் உலகோர் அனைவர்க்கும் உரிய பிரமாணமாக நிறுவிச் சென்றார். விழாநாளில் நம் இளையோர்க்கு இவ்விருவர் வரலாற்றையும் சேர்த்தே சொல்லுவோம்.