பண்டித ரமாபாய்: அடைக்கலம் தேடி அலைந்தவர், அடைக்கலம் தந்தவர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பெரியவர் யாரையாவது பற்றி எழுதுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். இப்படிக் கேட்டால் காந்தி, காமராஜர், விவேகானந்தர் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எழுதுவோம். அவர்களைப் பற்றி எழுத இந்த மலரிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். 1876-இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளையும் வாட்டிய பஞ்சம் அது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது கணக்கு. அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. சென்னையில் இன்றும் நாம் பார்க்கிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். ஆனால் சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான். அரை கிலோவுக்கும் குறைவான தானியத்தில் ஓர் ஆள் எப்படிங்க மண் சுமப்பான்?

1870களின் அந்தக் கொடிய ஆண்டுகளில் நம் தென்னாட்டுச் சாலைகளில் அலைந்த குடும்பங்களில் ஒன்று அனந்த சாஸ்திரி டோங்ரேயின் குடும்பம். பெரிய சமஸ்கிருத பண்டிதர். மனைவி லட்சுமிபாய்க்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காக ஊர்ப் பண்டிதர்களின் எதிர்ப்புக்கு ஆளானவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கேதான் 1858 ஏப்ரல் 23-ஆம் தேதி ரமாபாய் பிறந்தார். சொத்து கரைந்ததும் குடும்பம் தீர்த்த யாத்திரை கிளம்பியது. கோயில் மண்டபங்களில் புராணம் வாசிப்பது, கேட்பவர்கள் கொடுப்பதைக் கொண்டு சாப்பிடுவது, இதுதான் பிழைப்பு. ரமாபாய்க்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அம்மாதான் எல்லாம். நடக்கிற நடையிலேயே பாகவதத்தை மனப்பாடம் செய்தார்.

பஞ்சம் வந்தால் புராணம் கேட்க யார் வருவார்கள்? கையிலிருந்த காசு போனது, பாத்திரம் பண்டம் போனது. உடம்பில் வலுவிருந்தும் கூலி வேலைக்குப் போகத் தெரியாது, பிச்சை எடுக்கவும் மனசு வராது. திருப்பதிப் பக்கத்துக் காட்டுக்குள் சாவதற்கென்றே போனார்கள். இலை தழைகளைத் தின்று நாட்களைக் கழித்தார்கள். முதலில் அப்பா போனார். அடுத்து அம்மா, ராய்ச்சூரில். அம்மாவைத் தூக்கிப்போக ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் மனமிரங்கி வந்தார்கள். அண்ணன் சீனிவாசன் மூன்றாவது ஆள். நான்காவது தோள் ரமாபாய். உயரம் பற்றாததால் பாடையின் ஒரு முனையைத் தலையில் தாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். அப்போது அவருக்குப் பதினாறு, பதினெட்டு வயதுதான் இருக்கும். பின்னால் அக்காவும் போய்ச் சேர்ந்தார்.

மிஞ்சிய அண்ணனும் தங்கையும் வடக்கே நடந்தார்கள். நாலாயிரம் மைலுக்கு மேல் கால்நடையாகவே நடந்தார்களாம். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல், போர்த்திக்கொள்ளத் துணியும் இல்லாமல், மணலில் குழி தோண்டி அதற்குள் படுத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மணலால் மூடிக்கொண்டார்கள்.

1878-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள அறிஞர்கள் அந்த இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய், பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். நேற்றுவரை மணலில் படுத்தவருக்கு இன்று மாலை மரியாதை. ஆனால் துக்கம் விடவில்லை. 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிஹாரி மேத்வி என்ற வங்காளி வக்கீலை, சாதி பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881-இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. இருபத்து நாலு வயது முடிவதற்குள் அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கணவர் எல்லோரையும் இழந்து, கைக்குழந்தையோடு நின்றார்.

அவர் உட்கார்ந்து அழவில்லை. புனேக்கு வந்து ஆர்ய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அதே 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன்னால் சாட்சி சொல்லி, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வாதாடினார். 1883-இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் படிக்க ஆசை, காது மந்தமாகிவிட்டதால் அது முடியவில்லை. வாண்டேஜ் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். வழி தவறிய பெண்களை அந்தக் கன்னியர்கள் அருவருப்பில்லாமல் ஏற்றுப் பராமரித்ததைக் கண்டது அவர் மனதை மாற்றிய காரணங்களில் ஒன்று. 1886-இல் அமெரிக்கா போனார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி 1887-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் அங்கே பேர்போனது. பாஸ்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டு, பத்து ஆண்டுகளுக்கு உதவி செய்வதாக வாக்களித்தது.

1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதனம் திறந்தார். இளம் விதவைகளுக்கான பள்ளியும் விடுதியும். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். மதம் சொல்லிக்கொடுக்கப்படாது என்பது நிபந்தனை. ஆனால் ரமாபாய் தம் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜெபம் செய்வார், பெண்கள் சிலர் வந்து உட்காருவார்கள். சிலருக்கு அந்த மார்க்கத்தில் நாட்டம் வந்தது. 1893-இல் பெரிய புயல் கிளம்பியது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. ரமாபாயைப் புகழ்பவர்கள் இதைச் சின்ன விஷயமாகச் சொல்வார்கள், இகழ்பவர்கள் இதை மட்டுமே சொல்வார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் வந்த ஒரு பெண், சோறு போடுகிறவரின் நம்பிக்கையைப் பின்பற்றினால், அது அவளுடைய சொந்த விருப்பமா, நன்றிக்கடனா? இந்தக் கேள்வி நியாயமான கேள்வி. சேவை செய்கிற யாரும், எந்த மதமானாலும் கட்சியானாலும், தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதேசமயம் இன்னொன்றும் சொல்லணும். அன்று குறை சொன்ன வீடுகளில் எத்தனை வீட்டில் ஒரு மொட்டையடித்த விதவைச் சிறுமிக்குப் பாடப்புத்தகம் கிடைத்தது? ரமாபாய் கொடுத்தார். அதையும் தராசில் வைத்துத்தான் நிறுக்கணும்.

இனிதான் முக்கியமான பகுதி. 1896-97-இல் மறுபடியும் பஞ்சம், இந்தத் தடவை மத்திய மாகாணங்களில். செய்தி வந்ததும் ரமாபாய் நேரே அங்கே போனார். நிவாரண முகாம்களையும் ஏழை விடுதிகளையும் கண்ணால் பார்த்தார். எலும்புக்கூடாகக் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். ஒரு வேளைச் சோற்றைக் காட்டிச் சிறுமிகளைக் கெட்ட தொழிலுக்கு இழுத்துப்போகும் தரகர்களையும் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவர் அல்லவா? கையில் பணம் இருக்கிறதா, தங்க இடம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்துவிட்டார்.

வந்த நேரம் புனேயில் பிளேக். இத்தனை பேரை நகரத்துக்குள் வைக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. புனே - சோலாப்பூர் ரயில் பாதையில் கேட்காவ் என்ற இடத்தில் அவர் முன்பே வாங்கிப்போட்டிருந்த நிலம் கைகொடுத்தது. வெறும் பொட்டல். கூடாரமும் கொட்டகையும் போட்டுக் குடியேற்றினார். கிணறு வெட்டினார்கள், மரம் வைத்தார்கள். இதுவே முக்தி என்று பெயர் பெற்றது. 1899-1900-இல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது அங்கிருந்தும் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1900 வாக்கில் அங்கே 1,500 பேர் இருந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடைகள் இருந்தன.

நம்ம ஊரில் பீங்கான் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். சுட்டு முடிந்ததே என்று சூளை ஆறுவதற்கு முன் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது வெடித்துவிடும். பட்டினியிலிருந்து வந்த குழந்தையும் அப்படித்தான். ஒரேயடியாகச் சாப்பாடு போட்டாலும் உயிருக்கு ஆபத்து, ஒரேயடியாகப் பாடம் நடத்தினாலும் மனசு தாங்காது. வந்தவர்களில் பலர் நோயாளிகள். எழுத்து வாசனை அறியாதவர்கள், பயந்தவர்கள், திருடித் தின்று பழகியவர்கள். அவர்களைக் குளிப்பாட்டி, தேற்றி, எழுத்தறிவித்து, அதன்பின் ஆளுக்கொரு தொழில் கற்றுக்கொடுத்தார். நெசவு, எண்ணெய் ஆட்டுவது, பால் பண்ணை, தோட்ட வேலை, தையல், அச்சுக்கோத்தல் எல்லாம் பெண்களே செய்தார்கள். பார்வையற்றவர்களுக்குத் தனி இல்லம் அமைத்து பிரெயில் கற்பித்தார். கைவிடப்பட்ட பெண்களுக்குத் தனி இல்லம், ஆண் பிள்ளைகளுக்கும் ஓர் இல்லம். இந்தப் பெண்களில் பலர் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் ஆகி, அடுத்து வந்தவர்களைத் தாங்கினார்கள்.

கடைசி ஆண்டுகளில் எபிரேய, கிரேக்க மூலங்களைப் படித்து, படிப்பறிவு குறைந்த பெண்ணுக்கும் புரியும் எளிய மராத்தியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். அதை அச்சுக்கோத்ததும் முக்திப் பெண்களே. 1919-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. வலது கையாக இருந்த மகள் மனோரமா 1921 ஜூலையில் இறந்தார். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி ரமாபாயும் கண்மூடினார். 1989-இல் இந்திய அரசு அவர் உருவத்தோடு தபால் தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இன்றும் நடக்கிறது.

சரி, இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன்.

1983 ஜூலைக்குப் பிறகு கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். நம் கடலூர் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் கல்வி உதவியும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அரசு ஆணைகளை நம்பித்தான் இவர்கள் வாழ்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணைப் பார்க்காத பிள்ளைகள் இன்று கல்லூரி வயதில் நிற்கிறார்கள்.

ஓய்வு பெற்றபின், தேவாலய நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, ஒரு முகாமில் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த நண்பர்கள் கிறிஸ்தவர்கள், பாடம் கேட்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவர்கள். கணக்கு நோட்டைத் தவிர வேறெதையும் அங்கே திறப்பதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். 1893 புனேயிலிருந்து நாங்கள் கற்ற பாடம் அது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் பத்தாவது முடித்ததும் பையன்கள் பெயிண்ட் அடிக்கப் போய்விடுகிறார்கள். படித்து என்ன ஆகப்போகுது அங்கிள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தப் பதிலை நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லலாமே? இந்தச் சந்திப்பின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். வருஷத்துக்கு இரண்டே இரண்டு முகாம் பிள்ளைகள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நம் கல்லூரியில் சேர்வதற்கு வழிகாட்டி, அரசு உதவி போக மிச்சச் செலவை நம் சங்கம் ஏற்பது. படிப்பு முடிந்தபின், சொந்தமாகத் தொழிற்கூடம் வைத்திருக்கும் நம் ஆட்கள் ஆளுக்கொரு வருஷம் பயிற்சி கொடுப்பது. பணத்தைவிட இந்தக் கடைசி உதவிதான் பெரிசு. சான்றிதழ் இருந்தும் இவர்களுக்குச் சிபாரிசு சொல்ல ஆள் இல்லை.

முந்நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்போது ரமாபாயிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. நம்மிடம் இரண்டும் கொஞ்சம் இருக்கிறது. பொதுக்குழுவில் எதிர்த்துப் பேசுகிறவர்களும் வாருங்கள், பேசி முடிவெடுப்போம். இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், எந்த ஊர் என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், பக்கத்தில் இடம் கொடுங்கள்.

சந்திப்பு சிறக்கவும், வந்தவர்கள் எல்லோரும் நலமாக ஊர் திரும்பவும் வாழ்த்துகிறேன்.