பழுதுக்குப் பத்து லீவர்

பழுதான வைரத்துக்கு நியாய விலை சொல்வது எப்படி என்று எழுதிவைத்தவர் தவேர்னியே. 1605இல் பாரிஸில் பிறந்தவர். கிழக்கு நாடுகளுக்கு ஆறு தடவை வந்துபோன இரத்தின வியாபாரி.

கணக்கு எளிது. கரட் எடையை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை ஒரு கரட்டின் விலையால் பெருக்க வேண்டும். பழுதில்லாத 12 கரட் கல் என்றால் 144 தர 150 லீவர், 21,600. லீவர் அக்காலப் பிரெஞ்சுக் காசு. பழுதுள்ள 15 கரட் கல்லுக்கு அடிவிலையை 80 ஆக இறக்கினார், 18,000.

1665 நவம்பர் 2 அன்று ஔரங்கசீப்பின் அரண்மனையில் பெரிய மொகலாய வைரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். 279 கரட்டுக்கு மேல். கீழ் ஓரத்தில் மட்டும் சிறு பழுது. அதற்காக அடிவிலையை 160இல் இருந்து 150 ஆக்கினார். அந்தப் பத்து லீவரால் மொத்த விலையில் ஏழே முக்கால் இலட்சத்துக்கு மேல் குறைந்தது.

என்னை நிறுத்தியது தொகையல்ல. எதற்காக, எவ்வளவு கழித்தேன் என்று அவர் சொன்னதுதான். எங்கள் றொசல்லப் பக்கம் கொழுந்து நிறுக்கையில் தண்ணீர், முற்றல் என்று கிலோவைக் கழிப்பார்கள். என்ன கணக்கு என்று கேட்டால் பதில் வராது. இடம்பெயர்ந்த நாட்களில் நகை விற்றவர்களுக்கும் இது புதிதல்ல.

1669இல் பதினான்காம் லூயி அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். 1689இல் மொஸ்கோவில் இறந்தார்.

தக்காணச் சுரங்கத் தொழிலாளியின் கூலியையும் அவர் குறித்திருக்கிறார்: ஆண்டுக்கு 3 வராகன். வேலை நன்கு தெரிந்தவனுக்கே அவ்வளவுதான். அதனால் சிலர் கல்லை விழுங்கினார்களாம்.